ஷோர்குடுக் கூரையில் மூன்று மிதி

இது நடந்தது. நம்பாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கோட்டு போட்ட மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து, "அதெல்லாம் காத்தும்மா, காத்துன்னு சொல்லிட்டுப் போங்க" என்று ஒரு பகல் முழுக்க என்னைக் குடைந்தார்கள். அவர்களுக்கே நான் மசியவில்லை. உங்களுக்காகவா மாற்றிச் சொல்லப்போகிறேன்?

இன்னொன்று. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வந்தது மத்தியானம் 2.17க்கு. டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஹுல்கார். ஷோர்குடுக் ஸ்டேஷன் மாஸ்டராகப் பதினெட்டு வருஷம் இருந்தேன். கிசில்கும் பாலைவன மணலுக்கு நடுவே ஒரு மெயின் லைன், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், தகரக் கூரை போட்ட ஆபீஸ், ஒரு தண்ணீர்க் குழாய், ஏழு வீடு. ஊர் அவ்வளவுதான். ஆனால் டீசல் இன்ஜின் எதுவும் எங்களிடம் நிற்காமல் போனதில்லை. காரணம் அந்தக் குழாய். அந்த வெயிலில் டேங்கர்களை இழுத்துக்கொண்டு வரும் இன்ஜினுக்குத் தண்ணீர் வற்றிப்போகும். உதவி டிரைவர் வாளியோடு ஏணியில் ஏறி, இன்ஜின் கூரையில் இருக்கும் தொட்டி வாயில் ஊற்றுவான்.

ஊற்றி முடித்ததும் குதிகாலால் கூரையை மூன்று முறை மிதிப்பான். முடிந்தது, இறங்குகிறேன், வண்டியை அசைக்காதே என்று அர்த்தம். கீழே டிரைவர் ஒரு குட்டி ஹாரன் அடித்துப் பதில் சொல்வார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. எங்கள் பாதையில் வேலை பார்த்த எல்லோருக்கும் உடம்பில் ஊறிப்போன பழக்கம்.

ஒவ்வொருவனுக்கும் ஒரு மிதி உண்டு. உதவி டிரைவர் எகம்பெர்கன் மிதித்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பட்டாளத்தில் கொடுத்த பூட்ஸை இன்னும் போட்டுக்கொண்டு திரிவான், குதிகாலில் இரும்பு லாடம். டம் டம்... என்று இரண்டு. கொஞ்சம் நிறுத்துவான். அப்புறம் மூன்றாவது. டம். அந்த இடைவெளியில் அவனை ஒருமுறை திட்டி முடித்துவிடலாம்.

அவனுக்கு இருபத்தாறு வயது. வாய் ஓயாது. செப்டம்பரில் வரும்போதெல்லாம் அவன் அப்பா தோட்டத்து முலாம்பழம் ஒன்றை என் மேஜை மேல் உருட்டிவிட்டுப் போவான்.

இரண்டு வருஷமாகக் கம்பம் நட்டார்கள். அப்புறம் கம்பி இழுத்தார்கள். டீசல் போய்க் கரண்ட் வண்டி வரப்போகிறது என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். புகையும் எண்ணெயும் குடித்தே என் துப்பட்டா கறுத்துப்போயிருந்தது. ஆனால் அந்தக் கம்பியில் ஓடப்போவது இருபத்தையாயிரம் வோல்ட். தொட வேண்டாம், கிட்டே போனாலே இழுத்துக்கொள்ளும். இன்ஜின் கூரையில் ஒரு ஆள் நிமிர்ந்து நின்றால் தலை கம்பிக்குப் போய்விடும். இனிமேல் கூரை என்பதே கிடையாது, யாரும் எதன் மேலும் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

எகம்பெர்கனுக்கு நானே சொன்னேன்.

"இனி மேல ஏறினேன்னா பாரு, உன்னை இறக்கி உதைக்கிறது நான்தான்."

"கால் தானா ஏணிக்குப் போகுதுக்கா. நான் என்ன பண்றது?"

"காலை வெட்டிப் போடு."

"வெட்டிட்டா மிதிக்கிறது யாரு? என் மிதி கேக்காட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே."

"நிம்மதியா தூங்குவேன்டா. இடத்தைக் காலி பண்ணு."

சிரித்துக்கொண்டே போனான். அதற்கப்புறம் நான் அவனைப் பார்க்கவில்லை.

கம்பியில் முதன்முதலாகக் கரண்ட் விடும் நாள் வந்தது. துண்டு துண்டாக விடுவார்கள். எங்களுக்கு முந்தின ஸ்டேஷன் ஆக்தோம். அங்கே இரண்டு மணிக்கு. எங்கள் துண்டுக்கு மூன்று மணி. மூன்றுக்குள் நான் போனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கம்பிக்குக் கீழே, கூரை மேலே, ஆள் யாரும் இல்லை என்று. நான் சொன்னால்தான் கட்டுப்பாட்டு அறையில் கரண்ட் போடுவார்கள். நகரத்தில் பந்தல் போட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவில் புலாவ் வெந்துகொண்டிருந்தது.

எங்களிடம் ஒரு மணிக்கே புழுதிக் காற்று ஆரம்பித்துவிட்டது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஜன்னலுக்கு வெளியே எதிர் கம்பம் தெரியவில்லை. லூப் லைனில் நாற்பது டேங்கரோடு ஒரு டீசல் வண்டி காற்று அடங்கக் காத்துக்கொண்டு நின்றது. டிரைவர் மத்யாகூப் அண்ணன். பருத்த உடம்பு, லேசில் பதறாத ஆள்.

இரண்டு மணிக்கு நான் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தேன். மத்யாகூப் அண்ணனும் அவருடைய உதவி டிரைவர் ரூஸ்மத்தும் இன்ஜின் அறைக்குள் டீ வைத்துக்கொண்டிருந்தார்கள். வேகன் பரிசோதகர் செரிம்பெத் அண்ணன் தன் அறையில் இருந்தார். முப்பது வருஷம் டீசல் பக்கத்திலேயே நின்று காது போன மனிதர். மூணு மணிக்குக் கரண்ட் வருது, வெளியே போகாதீங்க, மேல ஏறாதீங்க என்று சொன்னேன். தலையாட்டினார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

திரும்பி வந்து டீயை ஊற்றினேன்.

2.17.

டம் டம்...

டம்.

பின்னாலேயே குட்டி ஹாரன்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இத்தனை சொல்லியும் ஏறியிருக்கிறான் பாருங்கள். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்கு ஓடினேன். கதவைத் திறந்ததும் கத்தினேன்.

"எங்கே அந்த எகம்? இறங்கச் சொல்லுங்க அவனை."

மத்யாகூப் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கை இன்னும் ஹாரன் மேலேயே இருந்தது. எதிரில் ரூஸ்மத் டீக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"மிதி கேட்டுச்சு தங்கச்சி. கை தானா போயிடுச்சு," என்றார். "அடிச்சப்புறம்தான் பார்க்கிறேன்... இவன் இங்கேயே இருக்கான்."

"நான் எங்கேயும் போகலைக்கா," என்றான் ரூஸ்மத்.

"அது எகம் மிதி," என்றேன்.

"தெரியுது. ஆனா எகம் ஆக்தோம்ல வேற வண்டியில இருக்கான். காலையில போன்ல பேசினேன்," என்றான் அவன்.

கீழே நின்று டார்ச்சைக் கூரைப் பக்கம் அடித்தேன். புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. ஏணியில் கால் வைக்க யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அப்போதுதான் அதைப் பார்த்தேன். இன்ஜின் பக்கவாட்டில், கூரையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சொட்டு சொட்டாக மணலில் விழுந்து சின்னச் சின்னக் குழி போட்டது.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"எங்கே ஊத்துறது? தொட்டி கால்வாசி தான் இருக்கு. காத்து நின்னதும் கீழே இருந்து பம்பு வெச்சு ஏத்திக்கலாம்னு இருந்தேன்," என்றார் மத்யாகூப் அண்ணன்.

மூன்று பேரும் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. போய் எடுத்தேன். மணி 2.40. கட்டுப்பாட்டு அறைப் பையன்.

"ஷோர்குடுக், ஆள் இல்லைன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது. டீசல் மேல யாரோ இருக்காங்க."

"பார்த்தீங்களா?"

"சத்தம் கேட்டேன்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லா பார்த்துட்டே சொல்லுங்கக்கா... நல்லா பார்த்துட்டு," என்றான். அவன் குரல் நடுங்கியது. ஏன் நடுங்குகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

யாரோ போனைப் பிடுங்கினார்கள். எங்கள் பகுதித் தலைவர்.

"இந்தாம்மா, என்ன தகராறு? இங்கே எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. புலாவ் ஆறுது."

"ஆறட்டும்."

"என்ன சொன்னே?"

"கூரையில ஆள் இல்லைன்னு தெரியாம நான் சொல்ல மாட்டேன். சூடு பண்ணிச் சாப்பிடச் சொல்லுங்க."

"உன் வேலை போயிடும்."

"என் வாயில இருந்து அந்த வார்த்தை வராது. வேலை போனா போகட்டும்."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அப்போது...

என் தலைக்கு நேர் மேலே.

தகரக் கூரையில்.

டம் டம்...

டம்.

மேலேயிருந்து தூசி உதிர்ந்து மேஜையில் விழுந்தது. விளக்கு ஆடியது.

"அது என்னம்மா சத்தம்?" என்றார் தலைவர்.

அவருக்கும் கேட்டது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் கேட்டது. பின்னால் விசாரணையில் எதுவும் கேட்கவில்லை என்று சாதித்தார். கேட்கவில்லை என்றால் என்ன சத்தம் என்று ஏன் கேட்டார்?

"நீ சொல்லாட்டா போ. மூணு மணிக்கு நான் போடச் சொல்லிடுவேன்," என்று போனை வைத்துவிட்டார்.

பொய் சொல்ல மாட்டேன், பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. மேலே இருப்பது மனிதனோ, வேறெதுவோ, என் ஸ்டேஷனில் என்னைக் கேட்காமல் ஒருத்தர் மேல் கரண்ட் விட இவர் யார்?

கம்பி இழுத்தவர்கள் சுவரோரம் ஒரு எர்த் கம்பு சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நீளக் கழி, நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து தடித்த செம்பு வயர். கோடை முழுக்க அவர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வயரைத் தண்டவாளத்தில் முறுக்க வேண்டும். அப்புறம்தான் கொக்கியை மேலே கம்பியில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால், யார் கரண்ட் போட்டாலும் அது தண்டவாளம் வழியாக மண்ணுக்குப் போய்விடும், கட்டுப்பாட்டு அறையில் சுவிட்ச் தானாக விழுந்து கரண்ட் நின்றுவிடும். அதைத் தொடும் அதிகாரம் எனக்கு இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் எல்லாம் பந்தலில் இருந்தார்கள்.

மத்யாகூப் அண்ணனைக் கூப்பிட்டேன். காற்றில் கழி நிற்கவில்லை. நான் வயரை முறுக்கினேன். அவரும் ரூஸ்மத்தும் கழியைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருமுறை தவறியது. இரண்டாவது முறையும் தவறியது. மூன்றாவது முறை கொக்கி விழுந்தது.

"நமக்குச் சீட்டுக் கிழிஞ்சுது," என்றார் மத்யாகூப் அண்ணன்.

"எனக்குத்தான். நீங்க பிடிச்சீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அப்போது மறுபடி.

டம் டம்... டம்.

இன்ஜினில் இல்லை. ஆபீசிலும் இல்லை. முதல் டேங்கர் மேல்.

கொஞ்ச நேரம்.

அடுத்த டேங்கர் மேல்.

அப்புறம் அதற்கடுத்தது.

வண்டியின் வால் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"போகாதே தங்கச்சி," என்றார் அண்ணன்.

போனேன். யாராக இருந்தாலும் இரு, வர்றேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். ஒரு கையால் டேங்கரைத் தடவிக்கொண்டே நடந்தேன். கண்ணில் மணல். பல்லில் மணல். மேலே லாடச் சத்தம் எனக்கு முன்னால் போனது. நான் நின்றால் அதுவும் நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது.

டம் டம்...

டம்.

கடைசி டேங்கர்.

சத்தம் நின்றுவிட்டது.

டார்ச்சை மேலே அடித்தேன்.

ஒரு ஆள்.

டேங்கர் மூடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் போட்டுக் குனிந்திருந்தார். செரிம்பெத் அண்ணன். காற்றில் திறந்துகொண்ட மூடியை மூட ஏறியிருந்தார். எத்தனையோ வருஷமாகச் செய்வதுபோல.

கத்தினேன். அவருக்குக் கேட்குமா? டார்ச்சை அவர் முகத்தில் ஆட்டினேன். பார்த்தார். கையைக் காட்டி இறங்கச் சொன்னேன். ஏணியில் கால் வைத்தார். ஒரு படி. இரண்டு படி.

அப்போது இன்ஜின் பக்கம் நீலமாக ஒரு வெளிச்சம்.

வெடிச் சத்தம் நெஞ்சில் அடித்தது. தண்டவாளம் அதிர்ந்தது.

மணி 3.04. நான் சொல்லாமலே கரண்ட் போட்டுவிட்டார்கள்.

எர்த் கம்பு அதை மண்ணுக்கு அனுப்பிவிட்டது. அங்கே சுவிட்ச் விழுந்தது. பந்தலில் விளக்கெல்லாம் அணைந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.

செரிம்பெத் அண்ணன் இறங்கி என் பக்கத்தில் நின்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ன நடந்தது என்றே தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"அந்தப் பையன் எங்கே?"

"எந்தப் பையன்?"

"மேல என்கூட இருந்தானே. நான் எந்திரிக்கப் பார்க்கிறேன், தோளைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே இருக்கான். நிமிரவே விடலை. முகம் தெரியலை, ஒரே புழுதி. கையெல்லாம் ஈரம் அவனுக்கு."

அவர் கோட்டில் டார்ச்சை அடித்தேன். இடது தோளில் ஒரு ஈரத் தடம். ஐந்து விரல். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது.

சாயங்காலம் காற்று அடங்கியதும் ஆக்தோமிலிருந்து டிராலியில் ஆள் வந்தது. அந்த மனிதர் கீழே இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். எகம்பெர்கன் போய்விட்டான். இரண்டு மணிக்கு அங்கே கரண்ட் விட்டார்கள். இன்ஜின் சூடாகிவிட்டது, தொட்டியில் தண்ணீர் இல்லை. அவனுடைய டிரைவர் பழக்கதோஷத்தில் வாளியை நிரப்பி மேலே நீட்ட, இவன் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டான்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"ரெண்டு பதினேழு."

என் பிள்ளை மாதிரி அவன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஒன்று உறைத்தது. இரண்டு பதினேழுக்கு ஒருவன் கருகி விழுந்தது கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரிந்திருக்கும், அங்கே சுவிட்ச் விழுந்திருக்குமே. தெரிந்துகொண்டுதான் இரண்டு நாற்பதுக்கு என்னை அவசரப்படுத்தினார்கள். புலாவ் ஆறுகிறது என்றவருக்கும் தெரியும். அந்தப் பையன் குரல் நடுங்கியது அதனால்தான்.

விசாரணையில் இதைத்தான் கேட்டேன். பேச்சை மாற்றினார்கள். அனுமதி இல்லாமல் எர்த் கம்பைத் தொட்டதற்கும், காற்றுச் சத்தத்துக்குப் பயந்து வேலையைக் கெடுத்ததற்கும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். காற்று என்று ஒப்புக்கொண்டால் வேறு ஸ்டேஷன் தருவதாக ஆசை காட்டினார்கள். எகம்பெர்கன் என்றே கடைசிவரை சொன்னேன். இப்போது பள்ளிக்கூடத்தில் சமைக்கிறேன். என் சமையலுக்கு யாரும் குறை சொன்னதில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். குளிர்காலம் ஆரம்பிக்கும்போது மத்யாகூப் அண்ணன் வீட்டுக்கு வந்தார். இவ்வளவு நாள் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டார், வேலைக்குப் பயந்தாராம். அன்றைக்கு டிப்போவில் அவர் தன் இன்ஜின் தொட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். கால்வாசி இருந்த தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. ரூஸ்மத் ஊற்றவில்லை. பம்பு வைக்கவில்லை.

"ஆக்தோம் வண்டி டிரைவர்கிட்ட விசாரிச்சேன்," என்றார். "எகம் ஒரு சொட்டுக்கூட ஊத்தலையாம். ஏறினதுமே அடிச்சிடுச்சு. அந்தத் தொட்டி வறண்டு கிடந்துச்சு. ஆனா கீழே விழுந்து கிடந்த வாளி காலி. சுத்தி மணல்ல ஈரமே இல்லை."

காற்று தகரத்தைத் தட்டும், ஒப்புக்கொள்கிறேன். காற்று தண்ணீர் ஊற்றுமா? அந்த மூன்று கோட்டுக்காரர்களும் வந்து சொல்லட்டும்.

மத்யாகூப் அண்ணன் இப்போது கரண்ட் வண்டிதான் ஓட்டுகிறார். தண்ணீர் வேண்டாம், வாளி வேண்டாம். அந்தக் கூரையில் உயிரோடு யாரும் நிற்க முடியாது. ஷோர்குடுக்கில் அந்த வண்டிகளுக்கு வேலையே இல்லை, அடுத்த வண்டிக்கு வழிவிடத்தான் லூப்பில் நிற்கும். ஆனாலும் அவர் வண்டி நிற்கும்போதெல்லாம் ஒரு குட்டி ஹாரன் கேட்கும். அதற்காக இரண்டு முறை அபராதம் கட்டியிருக்கிறார்.

ஏன் அண்ணே சும்மா அடிக்கிறீங்க என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் எங்கே தங்கச்சி சும்மா அடிக்கிறேன்," என்றார். "பதில்தான் சொல்றேன்."